கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு: அந்த வாய்க்கு என்ன சமைப்பது?

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை என்று எந்த இடத்துப் புற்றுநோயாக இருந்தாலும், சிகிச்சை முடிந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருபவருக்கு எங்கள் வீடுகளில் முதலில் வைத்துக் கொடுப்பது கஞ்சித்தண்ணிதான். காரமில்லை, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும், வயிற்றுக்கும் சுகம் என்று அன்போடு கொடுக்கிறோம். ஆனால் தெளிவாக வைத்த கஞ்சி ஒரு கோப்பையில், அதாவது 200 மில்லிலீற்றரில், கிட்டத்தட்ட 60 கலோரிதான் இருக்கிறது. புரதம் 1 கிராம் வந்தால் பெரிய காரியம்.

இந்தக் காலத்தில் உடம்புக்கு வேண்டியது, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 30 முதல் 35 கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம். 55 கிலோ உள்ளவருக்கு 1,650 முதல் 1,900 கலோரியும், 66 முதல் 80 கிராம் புரதமும் தேவை. காலையிலிருந்து இரவு வரை எட்டுக் கோப்பை கஞ்சித்தண்ணி குடித்தாலும் 500 கலோரியைத் தாண்டாது. மீதிக்கு உடம்பு தன் தசையைத்தான் கரைக்கும். விழுங்குவதும் தசையின் வேலை என்பதால், எடை இறங்க இறங்க விழுங்குவதும் கடினமாகிறது.

வலியோடு விழுங்கும் ஒருவரால் ஒரு நாளில் இத்தனை கரண்டிதான் என்று ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையைக் கூட்டச் சொல்லி வற்புறுத்துவதால் கண்ணீர்தான் வரும். ஒவ்வொரு கரண்டிக்குள்ளும் சத்தைக் கூட்டுவது சமைப்பவரின் கையில் இருக்கிறது. இந்தப் பதிவு முழுவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் எது தடுக்கிறது என்று பாருங்கள்

"சாப்பிட முடியவில்லை" என்று ஒரே சொல்லில் சொன்னாலும், உள்ளே நான்கைந்து வேறு வேறு சிக்கல்கள் இருக்கும். புண் எரியலாம். எச்சில் வற்றியிருக்கலாம், அல்லது பசைபோலத் தடித்திருக்கலாம். சுவை போயிருக்கலாம். தாடை திறக்காமல் இருக்கலாம். விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய் பக்கம் போகலாம். ஒன்றுக்கு நல்ல சாப்பாடு இன்னொன்றுக்குக் கெடுதலாகும். புண்ணுக்கு இதமான குளிர்ந்த பால், மூச்சுக்குழாய்க்குள் உணவு போகும் ஒருவருக்கு ஆபத்து. வாய் வறண்டவருக்கு உதவும் மெல்லிய சொதியும் அப்படித்தான்.

காலமும் முக்கியம். கதிர்ச் சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 5 நாள் என்று 6, 7 வாரம் போகும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் தொடங்கும். சிகிச்சை முடிந்த நாளோடு அது நிற்பதில்லை; அடுத்த ஒன்றிரண்டு வாரம்தான் பலருக்கு மிக மோசமான காலம். "எல்லாம் முடிந்துவிட்டது, இன்னும் ஏன் சாப்பிடவில்லை?" என்று வீட்டார் கேட்பது சரியாக அந்த வாரங்களில்தான். புண் ஆறத் தொடங்க மேலும் சில வாரங்கள் பிடிக்கும். சுவை திரும்ப மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு வருடம். எச்சில் முழுதாகத் திரும்பாமலே போவதும் உண்டு.

வலி நிவாரணியைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு கொடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு கொடுத்தால் அதன் பலன் வெறும் வாய்க்குத்தான் போகும். அந்த மருந்தில் கோடீனோ மோர்பினோ இருந்தால் மலச்சிக்கல் வரும், அது பசியையும் அடைக்கும். கிளினிக்கில் மறக்காமல் சொல்ல வேண்டிய விடயம் இது.

கஞ்சியை எப்படிக் கனமாக்குவது

3 மேசைக்கரண்டி சம்பாப் பச்சையரிசி (சுமார் 40 கிராம்), 30 கிராம் மைசூர்ப் பருப்பு, ஒரு துண்டு பூசணிக்காய் அல்லது கரட், 600 மில்லிலீற்றர் தண்ணீர். பிரஷர் குக்கரில் 5, 6 விசில். சாதாரணப் பானையென்றால் 40 நிமிடமாவது. பருக்கை விரலில் மசிந்து காணாமல் போக வேண்டும். ஆற வைத்து பிளெண்டரில் இரண்டு நிமிடம் அடித்து, கம்பி வடியில் கரண்டியால் தேய்த்து வடியுங்கள். வடிக்கும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு மாவாகத் தெரியும் கஞ்சியிலும் பருப்புத்தோலும் காய்கறி நாரும் நிற்கும். சாதாரண நாக்குக்கு அது தெரியாது, புண்ணான நாக்குக்கு மணல் போலத் தெரியும்.

இனிச் சேர்ப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒரு முட்டையை நன்றாக அடித்து, சூடான கஞ்சியில் ஓர் அகப்பை எடுத்து முட்டைக்குள் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பிறகு அந்தக் கலவையைப் பானைக்குள் ஊற்றி, மெல்லிய நெருப்பில் மூன்று நிமிடம் கிண்டுங்கள். முட்டையை நேராகக் கொதிக்கும் கஞ்சியில் உடைத்தால் கட்டி கட்டியாகத் திரையும், அந்தக் கட்டி தொண்டையில் நிற்கும். முட்டை பச்சையாகவும் இருக்கக் கூடாது. கீமோவும் சேர்த்து எடுத்தவர்களுக்கு நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும். முட்டை வெந்த பிறகு 2 குவியல் மேசைக்கரண்டி முழு ஆடைப் பால்மாவைக் கொஞ்ச வெந்நீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். கடைசியாக 50 மில்லிலீற்றர் தேங்காய் முதற்பாலும் 2 தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டு, கொதி வரும் முன் இறக்குங்கள். முதற்பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரிந்து நிற்கும், குமட்டல் உள்ளவர் அந்த மணத்திலேயே கோப்பையைத் தள்ளிவிடுவார்.

இப்படி வைத்ததில் ஏறக்குறைய 600 கலோரியும் 20 கிராமுக்கு மேல் புரதமும் இருக்கும். மூன்று கோப்பையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 200 கலோரி. கஞ்சித்தண்ணியோடு பார்த்தால் அதே அளவு விழுங்கலுக்கு மூன்று மடங்கு. ஆற ஆறக் கஞ்சி இறுகும். இளக்கப் பச்சைத்தண்ணீர் விட வேண்டாம், பால் விடுங்கள். சாப்பிடும் அளவை மட்டும் வேறு கோப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்த கரண்டி திரும்பப் பானைக்குள் போனால் எச்சிலில் உள்ள நொதி மாச்சத்தை உடைத்து, கொஞ்ச நேரத்தில் முழுக் கஞ்சியும் தண்ணியாகிவிடும். கெட்டியாகக் குடிக்கச் சொல்லப்பட்டவருக்கு இது சின்ன விடயமல்ல.

வல்லாரை, முருங்கையிலை போட்ட இலைக்கஞ்சியும் நல்லதுதான். இலையைப் பச்சைத்தண்ணீரோடு அடித்து, மெல்லிய துணியில் பிழிந்து, சாற்றை மட்டும் கடைசியில் விட்டு ஒரு கொதி. வல்லாரைத் தண்டின் நார் கம்பி வடியைத் தாண்டிவிடும், துணிதான் பிடிக்கும். தேசிக்காய் விடாதீர்கள். உளுத்தங்கஞ்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும்: உளுந்தின் வழுவழுப்பு வறண்ட தொண்டையில் மற்ற எதையும்விட நன்றாக இறங்கும். அதே உளுந்து களியாக இறுகினால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே களியைப் பாலில் தளர்த்தி, கரண்டியிலிருந்து தானாக வழுகி விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இனிப்பு, மீன், இடியப்பம்

கஞ்சி அலுத்துப்போகும் நாளில் வட்டிலப்பம் மாதிரி ஒன்று கைகொடுக்கும். 2 முட்டை, 200 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்த 4 மேசைக்கரண்டி பால்மா, 40 கிராம் கித்துள் கருப்பட்டி. கரைத்து, வடித்து, நான்கு சின்னக் கோப்பையில் ஊற்றி, மூடியில் துணி கட்டி மெல்லிய ஆவியில் 25 நிமிடம். நெருப்பு கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகி, கரண்டி வைத்ததும் தண்ணீர் கக்கும். அந்தத் தண்ணீரும் கட்டியும் ஒரே வாயில் போவது விழுங்கக் கஷ்டம். கோப்பை ஒன்றுக்கு 120 கலோரி கிடைக்கும். முந்திரி, முந்திரிகைவத்தல் தூவாதீர்கள்.

ஆனைக்கொய்யா விற்கும் காலத்தில் அதைவிட இலேசான வழி இல்லை. 100 கிராம் சதை, 150 மில்லிலீற்றர் முழு ஆடைப் பால், ஒரு கரண்டி பால்மா, கொஞ்சம் கித்துள் பாணி: 350 கலோரி அளவில் நிற்கும். அடித்த உடனே கொடுங்கள். வைத்தால் கறுத்துக் கசக்கும். நன்றாகப் பழுத்த பப்பாசியும் புளிப்பில்லாததால் எரியாது. அன்னாசி, தோடம்பழம், மாங்காய் எல்லாம் புண் ஆறும்வரை ஒதுக்கி வைக்க வேண்டியவை. எருமைத்தயிர் வாங்கினால் அன்றைய சட்டியாகப் பாருங்கள். நாள் போனது புளித்து எரிக்கும்.

மீனில் முள்தான் பயம். சாளை வேண்டாம். பாரை அல்லது தோராவில் நடுத்துண்டு 60 கிராம் எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, ஆறிய பிறகு இரண்டு விரலுக்கிடையில் இதழ் இதழாக நசுக்கிப் பாருங்கள். கண் விட்ட முள்ளை விரல் காட்டிக்கொடுக்கும். அவித்த சின்ன உருளைக்கிழங்கு ஒன்று, தேங்காய்ப்பால், மீன் அவித்த தண்ணீர் சேர்த்து அடித்தால் 12 கிராம் புரதம் கொண்ட ஒரு சூப். சம்பலிலும் கறியிலும் வழக்கமாகப் போடும் மாசித்துண்டு இந்தக் காலத்தில் எந்த உருவிலும் வேண்டாம், இடித்தாலும் அது சிராய்தான்.

இடியப்பமும் சொதியும் நோயாளிச் சாப்பாடு என்று பெயர் வாங்கியவை. தட்டில் தனித்தனியாக இருக்கும்போது அது இரண்டு உணவு: சொதி முன்னால் ஓடும், இடியப்பம் பின்னால் நிற்கும். விழுங்குவது நேரம் பிந்தித் தொடங்குபவருக்கு இந்தக் கலப்புத்தான் புரைக்கேற வைப்பது. இடியப்பத்தைப் பிய்த்து, சூடான சொதியில் பத்து நிமிடம் ஊறவிட்டு, முள்ளுக்கரண்டியால் மசித்து, மிஞ்சிய சொதியை வடித்த பிறகு கொடுங்கள். புட்டு, பாண், பிஸ்கட், வறுத்த மா எதுவும் எச்சில் இல்லாத வாயில் உருண்டையாகாது. அவை கடைசியாகத் திரும்பி வரும் உணவுகள்.

எச்சிலும் சளியும்

1 லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், 1 தேக்கரண்டி உப்பு, 1 தேக்கரண்டி ஆப்பச்சோடா. தினமும் புதிதாகக் கரைத்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், இடையிலும் வாயில் வைத்து அலசித் துப்ப வேண்டும். சாப்பாட்டுக்கு முன் அலசுவது பசைச் சளியை அறுக்கும், அதன் பிறகு கஞ்சியின் சுவையும் கொஞ்சம் தெரியும். கடையில் விற்கும் எரிச்சலான வாய்கழுவிகளில் அற்ககோல் இருக்கும், தொடாதீர்கள். பால் குடித்தால் சளி கூடுகிறது என்று பலர் பாலை முற்றாக நிறுத்திவிடுகிறார்கள். பால் வாயில் ஒரு படலமாக ஒட்டுவது உண்மை. குடித்த பிறகு மேலே சொன்ன உப்பும் ஆப்பச்சோடாவும் கரைத்த தண்ணீரால் அலசினால் அது போய்விடும். அந்தப் படலத்துக்காக 300, 400 கலோரியை இழப்பது சரியான பேரம் இல்லை.

நாக்கிலும் கன்னத்துக்குள்ளும் வெள்ளைத் திட்டு தெரிந்து, திடீரென்று எரிவு கூடினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சாப்பாட்டை மாற்றிப் பயனில்லை, மருந்து வேண்டும். மருந்து தொடங்கி சில நாளில் சாப்பாடு திரும்புவதைப் பார்க்கலாம்.

புரைக்கேறுதல்

இந்த இடத்தில் சமையலறை தனியாக முடிவெடுக்கக் கூடாது. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் நீருக்குள்ளிருந்து வருவதுபோலக் களகளப்பது, காரணமில்லாக் காய்ச்சல், அடிக்கடி நெஞ்சுச்சளி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும். விழுங்குவதைப் பரிசோதிப்பவர்கள் அவர்கள்தான். கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு தொண்டை மரத்துப்போவதால், இருமலே இல்லாமல் உணவு நுரையீரலுக்குப் போவதும் நடக்கும். நாடியைத் தாழ்த்தி விழுங்கு என்று அயலவர் சொல்வார். ஒருவருக்கு அது உதவும், இன்னொருவருக்கு நிலைமையைக் கெடுக்கும். தொண்டையில் நின்றதைத் தண்ணீர் விட்டு இறக்குவதும் அப்படியே.

கெட்டியாகக் கொடுக்கச் சொன்னால் எவ்வளவு கெட்டி என்று கேளுங்கள். 0 முதல் 7 வரை உலகெங்கும் பாவிக்கும் ஓர் அளவு இருக்கிறது. 10 மில்லிலீற்றர் ஊசிக் குழாய் ஒன்றை ஊசியும் தள்ளுதண்டும் இல்லாமல் எடுத்து, நுனியை அடைத்து நிரப்பி, 10 செக்கன் திறந்து மூடுங்கள். 1 முதல் 4 மில்லிலீற்றர் மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை மிஞ்சினால் நிலை 2. 8க்கு மேல் மிஞ்சினால் நிலை 3. ஒன்றுமே இறங்காவிட்டால் அது நிலை 4. அதற்குக் கரண்டியைச் சரித்துப் பார்க்க வேண்டும், முழுதாக ஒரே கட்டியாக வழுகி விழ வேண்டும். ஊசிக் குழாய்கள் எல்லாம் ஒரே நீளமில்லை. 0 முதல் 10 வரையான கோடு 61.5 மில்லிமீற்றர் நீளம் இருப்பதைத்தான் இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முடிந்த பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. மூக்குக் குழாயோ வயிற்றுக் குழாயோ போட்டிருந்தாலும், தடை சொல்லாதவரை தினமும் கொஞ்சமாவது விழுங்கிப் பழக வேண்டும். பாவிக்காத விழுங்கும் தசை இறுகிவிடும், பிறகு குழாயை எடுப்பதே பாடாகும். குழாய்க்கு வீட்டுக் கஞ்சி விடுவதாயிருந்தால் முதலில் போசாக்கு நிபுணரிடம் அளவு கேளுங்கள், துணியில் வடியுங்கள், முன்னும் பின்னும் 30 மில்லிலீற்றர் தண்ணீர் விடுங்கள். கொழும்பு வெக்கையில் அடித்த கஞ்சி மேசையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

தாடை திறக்காதவர்கள் எங்களிடம் அதிகம். வெற்றிலை பாக்கு போட்டவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே கன்னம் நார்போல இறுகியிருக்கும், அதன்மேல் கதிரும் சேர்கிறது. குழிவில்லாத சின்னக் கரண்டி வாங்குங்கள். தாடைப் பயிற்சியைச் சாப்பாட்டு நேரத்தோடு கட்டிவிட்டால் மறக்காது.

சுவை

சுவை போன வாய்க்கு உப்பையும் சீனியையும் கூட்டுவது முதலில் தோன்றும் வழி. அதைவிட மணம் வேலை செய்யும். தேங்காய்ப்பாலில் ரம்பை, கறிவேப்பிலை, ஒரு துண்டு கறுவா போட்டுச் சூடாக்கி, கால் மணித்தியாலம் மூடிவைத்து, வடித்த பிறகு கஞ்சியில் விடுங்கள். இலையும் பட்டையும் உள்ளே வராது, வாசம் மட்டும் வரும். எல்லாம் இரும்புபோல இருக்கிறது என்பவருக்கு பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். நேற்றுப் பிடித்தது இன்று பிடிக்காது. ஒரு வாரம் கழித்து அதையே திரும்பக் கொடுத்துப் பாருங்கள்.

உறைப்புக்குத் திரும்பும் வழி மெதுவானது. முதலில் சீரகம், மல்லி, மஞ்சள் போட்ட பால்கறி. பிறகு முழுப் பச்சை மிளகாய் ஒன்றைப் போட்டுக் கொதித்ததும் எடுத்துவிட்ட சொதி. அதன் பின் மிளகு. செத்தல் தூள் கடைசி. புளியும் தேசிக்காயும் அதற்கும் பிந்தி வரலாம். கடினத்தைக் கூட்டும்போது முள்ளுக்கரண்டியால் துண்டை அழுத்துங்கள்: பெருவிரல் நகம் வெளிறும் அளவு அழுத்தத்தில் நசுங்கி, திரும்ப எழாமல் கிடந்தால் அது மென்மையான உணவு. குழைசோறு பருக்கை பருக்கையாகப் பிரியவும் கூடாது, பசையாக ஒட்டவும் கூடாது. பருப்பும் நெய்யும் சேர்த்து மசித்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

மகரகமவில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குபவர்களுக்குச் சமையலறை இருக்காது. ஒரு சின்ன ரைஸ் குக்கர், ஒரு கை பிளெண்டர், ஒரு வடி இருந்தால் மேலே சொன்ன கஞ்சி முழுவதும் வைக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாயகன்ற பிளாஸ்க் எடுங்கள். முதலில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை நிரப்பினால்தான் சூடு நிற்கும். குடிக்கும்போது கோப்பையில் ஊற்றி இளஞ்சூடாக்கிக் கொடுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சைவக்கடையில் வாங்குவதானால் மிளகாய் போடாத சொதி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பார்மசியில் விற்கும் சத்துமாவைத் தகரத்தில் சொன்ன அளவுக்குக் கரையுங்கள். விலையைப் பார்த்து மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று போடுவது பலர் செய்வது. அப்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர்.

வீட்டுப் பெரியவர்கள் முட்டையும் மீனும் கிரந்தி, புண் ஆறாது என்று தடுப்பார்கள். அவர்கள் மனம் நோகாமல், ஆனால் உறுதியாகச் சொல்ல வேண்டும்: புண்ணை மூடும் சதை புரதத்தால்தான் வளர்கிறது. சீனி சாப்பிட்டால் புற்றுநோய் வளரும் என்று கேள்விப்பட்டு இனிப்பை முழுக்க வெட்டி, எடையை இழப்பவர்களும் உண்டு. நீரிழிவு இருந்தால் மட்டும் கணக்கு வேறு. பாணியும் கருப்பட்டியும் சேர்க்கும் முன் வைத்தியரிடம் கேளுங்கள். கஷாயங்கள் எதுவானாலும் கீமோ நடக்கும்போது சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

வாரம் ஒரு நாள், ஒரே தராசில், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். 55 கிலோவில் ஒரு மாதத்துக்குள் 2.75 கிலோ போனால் அது 5 சதவீதம். அடுத்த கிளினிக் திகதிவரை பொறுக்க வேண்டாம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே இறங்காதவருக்கு வீட்டில் திடீரென்று கனமான உணவு ஏற்றாதீர்கள். அப்படி ஏற்றினால் இரத்தத்தில் பொசுபேற்று, பொற்றாசியம் என்ற உப்புகள் ஆபத்தான அளவுக்குச் சட்டென்று விழும். அவருக்கு உணவைக் கூட்டுவது ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை.

பற்களையும் இப்போதே கவனிக்க வேண்டும். எச்சில் இல்லாத வாயில் நாள் முழுக்க இனிப்புப் பால் பட்டுக்கொண்டிருந்தால் பல் வேகமாகச் சொத்தையாகும். மிருதுவான தூரிகை, புளோரைட் பற்பசை, ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் அலசல். கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து வருடங்கள் கழிந்தும் இருக்கிறது. எந்தப் பல் வைத்தியரிடம் போனாலும், கதிரையில் உட்கார முன் கதிர்ச் சிகிச்சை எடுத்ததைச் சொல்லி, கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள்.